இரண்டாம் எழுத்து

“பேசாமலே இருக்குதே அந்தப் பொண்ணு, அதுதான், மேடம், பாத்து எழுதியிருக்கும்” என்று சற்குணம் அண்ணன் உள்ளே சொன்னது, இயற்பியல் ஆய்வுக்கூடத்து வாசலில் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. அவருக்கு என்மேல் கோபம் எதுவும் கிடையாது. ஆய்வுக்கூட உதவியாளர், இரண்டு வருடமாக நான் கேட்காமலே நல்ல ஸ்க்ரூ கேஜாகப் பார்த்து எடுத்துக் கொடுக்கிறவர். சாயங்காலம் மழை வரும் என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். ஹெப்சிபா மேடம் “பாப்போம்” என்றார். அந்த நேரத்தில் உள்ளே போனால் கேட்டது தெரிந்துவிடும் என்று மூடியை இன்னொரு முறை திறந்து இன்னொரு முறை மூடினேன். மூடியில் ஒரு புரி நசுங்கியிருக்கிறது, நேராக வைத்தால் கோணலாக ஏறும், கோணலாக வைத்தால் சரியாக ஏறும். பிறகு போனேன். பிரணிதா முன்பே வந்து ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்திருந்தாள். அப்படியென்றால் அவளுக்கும் கேட்டிருக்கும். ஹால் டிக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் அவள் போட்டோவைத் தவிரப் பார்க்க ஒன்றும் இல்லை. எனக்குக் கதவோர மேஜை. நடுவில் ஆறு மேஜைகள், ஒன்றின் மேல் விளக்கெண்ணெய் நிரப்பிய உயரமான கண்ணாடி ஜாடி. முதலாம் ஆண்டுப் பெண்கள் போட்ட எஃகு உருண்டைகள் அடியில் கிடந்தன. சனிக்கிழமை மதியம் இரண்டு மணி. கால் தாளில் மேடம் கையால் எழுதிய மூன்று கணக்குகள், ஒரு மணி நேரம். அதற்குள் எங்கள் இருவரில் யார் பார்த்து எழுதியது என்று தெரிந்துவிடும். அந்த ஒருத்திக்கு இன்டர்னல் மார்க் பூஜ்யம், திங்கட்கிழமை அவள் அப்பாவோடு துறைத்தலைவர் அறைக்கு வரவேண்டும். இதை வியாழக்கிழமையே மேடம் எங்கள் இருவரையும் நிற்கவைத்துச் சொல்லிவிட்டார். கத்தவில்லை. செவ்வாய்க்கிழமைத் தேர்வின் இரண்டு விடைத்தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, கடைசிக் கணக்கில் விரல் வைத்தார். சரியான விடை முப்பதாயிரம். என் தாளில் ஆறாயிரம், பிரணிதா தாளிலும் ஆறாயிரம். “சரியான விடை ரெண்டு பேருக்கும் ஒண்ணா வரலாம். தப்பு எப்படிம்மா ஒண்ணா வரும்?”

முதல் கணக்கு குளுக்கோஸ் பாட்டில். நோயாளியின் நரம்புக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிட 1800 பாஸ்கல் அதிகம், திரவத்தின் அடர்த்தி 1020, பாட்டிலை நரம்பைவிட எவ்வளவு உயரத்தில் பிடித்தால் திரவம் மட்டுமட்டாக உள்ளே இறங்கும். படித்ததும் என் வலது தோள்பட்டை வலித்தது. எட்டாம் வகுப்பில் அம்மாவுக்கு டைபாய்டு வந்து தாலுகா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஸ்டாண்டெல்லாம் வேறு கட்டில்களுக்குப் போயிருந்தது, சிஸ்டர் பாட்டிலை என் கையில் கொடுத்து உயரமாகப் பிடி, இறக்காதே என்று சொல்லிவிட்டு வார்டின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார். எவ்வளவு உயரம் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தலைக்கு மேலே, கை எட்டும்வரை பிடித்தேன். அரை மணி நேரத்தில் விரல் மரத்துப்போனது. அம்மா கண்ணை மூடியிருந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பாட்டிலை மடியில் வைத்தேன், ஒரு நிமிடம், அதற்கு மேல் இருக்காது. குழாய்க்குள் சிவப்பாக ஏதோ வந்தது. முதலில் மருந்து என்றுதான் நினைத்தேன். அம்மாவின் கையிலிருந்து என்னை நோக்கி, அவசரமே இல்லாமல், குழாயின் வளைவு வரை ஏறி வந்தது. சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். “சிஸ்டர்” என்பது ஒரு சொல். அது தொண்டை வரை வந்து நின்றது. ஐம்பது கட்டில்கள், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், அந்தப் பக்கத்திலிருந்து அவர் “என்ன?” என்று கேட்பார், அதற்கு வேறு பதில் சொல்லவேண்டும். எழுந்து நின்று கையை மேலே தூக்கினேன். சிவப்பு வந்த வழியே திரும்பி இறங்கி அம்மாவுக்குள் போய்விட்டது. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்கு நான்காம் நாள் காய்ச்சல் விட்டது, இப்போது நன்றாக இருக்கிறாள், காலையில்கூட டப்பாவில் எலுமிச்சை சாதம் வைத்தபோது சனிக்கிழமை என்ன காலேஜ் என்று கேட்டாள், ஸ்பெஷல் கிளாஸ் என்றேன். 1020-ஐ 9.8-ஆல் பெருக்கினால் 9996. 1800-ஐ அதால் வகுத்தால் 0.18. பதினெட்டு சென்டிமீட்டர். என் சாண் பத்தொன்பது, ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறேன். ஒரு சாண்கூட வேண்டியதில்லை. மட்டுமட்டாக இறங்கத்தான் அது, நன்றாக இறங்க இன்னும் வேண்டும், ஆனாலும் தலைக்கு மேலே தேவையில்லை, மார்பு உயரம் போதும். ஆறு வருடம் கழித்துத் தெரிகிறது. விடையின் கீழே இரண்டு கோடு போட்டேன். மேஜையின் ஓரத்தில் இருந்த தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இந்தக் கணக்குக்கு நான் பென்சிலைத் தொடவில்லை. அழுத்தம் எண்ணாகவே கொடுக்கப்பட்டிருந்ததால் ஓரத்தில் எதையும் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அது நல்லது. இன்றைக்கு அந்த இரண்டு எழுத்துகளை எழுதக்கூடாது என்று காலையில் லால்குடி பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன்.

இரண்டு எழுத்துகள் என்றால், ட ஒன்று, ழு ஒன்று. பன்னிரண்டாவது வரை தமிழில்தான் படித்தேன், பள்ளிக்கூடத்தில் அடர்த்திக்கு d போடுவார்கள், ஒரு தொல்லையும் இல்லை. கல்லூரிக்கு வந்தால் d குழாயின் விட்டத்துக்குப் போய்விட்டது, அடர்த்திக்கு ரோ என்றொரு கிரேக்க எழுத்து. ஹெப்சிபா மேடம் பலகையில் எழுதும்போது பேசமாட்டார், எழுதி முடித்துத் திரும்பித்தான் பேசுவார். அவருடைய ரோவும் அவருடைய p-யும் அக்கா தங்கை போல இருக்கும். முதல் வாரம் முழுக்க நான் அதை p = pgh என்றே எழுதிவைத்திருந்தேன். அழுத்தம் எப்படி அழுத்தத்தின் g h மடங்காக இருக்கும் என்று இரவெல்லாம் யோசித்தேன். இரண்டு பக்கமும் p அடிபட்டுப் போனால் gh = 1, அப்படியானால் h பத்து சென்டிமீட்டர். உலகத்தில் உள்ள எல்லாக் குளமும் எல்லாக் கடலும் பத்து சென்டிமீட்டர் ஆழம். கொள்ளிடத்தில் வருடத்துக்கு இரண்டு பேர் மூழ்கிப் போகிறார்களே. வகுப்பில் எழுந்து கேட்டிருந்தால் அரை நிமிட வேலை. கேட்கவில்லை. தானாகப் புரிந்த பிறகு, ஓரத்தில் பென்சிலால் போட்டுப் பார்க்கும்போது தமிழ் எழுத்தே வைத்துக்கொண்டேன். அதிலும் ஒரு சிக்கல், அழுத்தம், அடர்த்தி இரண்டுக்கும் முதலெழுத்து அ. அதனால் இரண்டாம் எழுத்து. அடர்த்திக்கு ட, அழுத்தத்துக்கு ழு. அப்படிப் போட்டால் கணக்கு தவறுவதே இல்லை. போட்டு முடித்து, p என்றும் ரோ என்றும் மாற்றி மையால் நடுப்பக்கத்தில் எழுதிவிட்டு, ஓரத்தில் இருப்பதை ரப்பரால் அழித்துவிடுவேன். பிஎஸ்சி இயற்பியல் தாளில் ட, ழு என்று இருந்தால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ஏற்கெனவே என் பெயர் தையல்நாயகி. வைத்தீஸ்வரன் கோவிலில் வேண்டிக்கொண்டு வைத்த பெயர். வகுப்பில் முதல் நாளே டெய்லர் ஆகிவிட்டேன். பிரணிதா மட்டும் தையல் என்று கூப்பிடுவாள். அவள் அப்பா ரயில்வேயில், அவள் படித்ததெல்லாம் நாக்பூரும் பிலாஸ்பூரும், வீட்டில் தமிழ் பேசுவார்கள், எழுத்து தெரியாது, கல்லூரியிலும் இந்திதான் மொழிப்பாடம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பலகையை நான் படிப்பேன், கண்டக்டரிடம் அவள் கேட்பாள். போன வருடம் இந்த ஜாடியில் உருண்டை போட்டு நேரம் பார்த்தபோது அவள் “ஸ்டார்ட்”, “ஸ்டாப்” என்று மாடிப்படி வரை கேட்கக் கத்துவாள், நான் எழுதுவேன். ஒரு பாடம் எனக்குப் புரியவில்லை என்றால் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு கையைத் தூக்குவாள். “மேடம், தையலுக்கு ஒரு டவுட்.” என்ன டவுட் என்று மேடம் கேட்டால், நான் அவள் காதில் சொல்ல, அவள் சத்தமாகச் சொல்லுவாள். இரண்டு வருடமாக என் டவுட்டெல்லாம் அவள் வாயால்தான் வெளியே வந்தது. செவ்வாய்க்கிழமை எனக்குப் பின்னால் வலது பக்கம் உட்கார்ந்திருந்தாள். தியரி முழுக்க அவளுக்கு மனப்பாடம், கணக்கு வராது. ஒரு முறை இருமினாள். நான் முழங்கையை நகர்த்தினேன். வியர்வையில் தாள் கையில் ஒட்டிக்கொண்டதால் நகர்த்தினேன். தாள் ஒட்டியிருந்தது என்பது நிஜம். நகர்த்திய பிறகு ஓரம் முழுக்கத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். அழிப்பதற்கு முன்னால் ஒரு ஐந்து நிமிடம் இருந்திருக்கும். அந்த ஐந்து நிமிடத்தில் அவள் என் ஓரத்தில் இருந்ததை அப்படியே தன் நடுப்பக்கத்தில் இறக்கிவிட்டாள். ட அவளுக்கு L. ழு அவளுக்கு ஏதோ ஒரு கிரேக்க எழுத்து. வியாழக்கிழமை மேடம் அவளிடம்தான் முதலில் கேட்டார், இது என்ன L, நான் எப்போது L சொல்லிக்கொடுத்தேன் என்று. “லிக்விட், மேடம். லிக்விட் டென்சிட்டி.” சரி, இது என்ன? ஒரு கணம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. “கிரீக் சை, மேடம். எங்க ஸ்கூல்ல பிரஷருக்கு சைதான் போடுவோம்.” அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. என் ழு-வுக்கு நாக்பூரில் ஒரு பள்ளிக்கூடம் கிடைத்துவிட்டது. மேடம் என்னைப் பார்த்து, நீ சொல் என்றார். மேடத்தின் கைக்கடிகாரத்தில் முள் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பேசினால் அவள் போய்விடுவாள். பேசாவிட்டால் நான் போய்விடுவேன். இப்படி எனக்கு அப்போது தோன்றவில்லை, அப்போது கடிகார முள்தான் தெரிந்தது, இது பஸ்ஸில் தோன்றியது. தாளில் என் p-யும் ரோவும் பாடப்புத்தகத்தில் உள்ளபடி சுத்தமாக இருந்தன, ஓரம் வெள்ளையாக இருந்தது. நான் ரப்பரை நன்றாக அழுத்தித் தேய்ப்பேன்.

இரண்டாவது கணக்கு தண்ணீர்த் தொட்டி. மேலே திறந்த தொட்டி, நீர்மட்டத்துக்கு இரண்டரை மீட்டர் கீழே சிறிய ஓட்டை, தண்ணீர் எந்த வேகத்தில் வெளியே வரும். இதில் மேலேயும் வெளிக்காற்று, ஓட்டைக்கு வெளியேயும் அதே காற்று, அழுத்தம் இரண்டு பக்கமும் கழிந்துபோகும், அடர்த்தியும் கழிந்துபோகும், அந்த எழுத்துகளுக்கு வேலையே இல்லை. இரண்டு பெருக்கல் 9.8 பெருக்கல் 2.5, நாற்பத்தொன்பது, வர்க்கமூலம் ஏழு. ஒரு நொடிக்கு ஏழு மீட்டர். மேடம் நல்ல எண்ணாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார், கால்குலேட்டரே வேண்டாம். மறுபடியும் சரிபார்த்தேன், சரிபார்க்க ஒன்றும் இல்லை. தொட்டி எவ்வளவு அகலம் என்று கேள்வியில் இல்லை, தேவையும் இல்லை. எங்கள் ஊர்த் தொட்டி முப்பதாயிரம் லிட்டர், அப்பாதான் ஆபரேட்டர், காலை ஐந்தரைக்கும் மாலை நாலுக்கும் வால்வு திறக்கிறவர். தொட்டியின் வெளிச்சுவரில் அளவுகோல் போல வரைந்து ஒரு தகரக் குறி தொங்கும், உள்ளே மிதவையோடு கம்பியால் கட்டியிருப்பார்கள். தொட்டி நிரம்பினால் குறி கீழே இறங்கும், காலியானால் மேலே ஏறும். சின்ன வயதில் குறி உச்சியில் இருக்கும்போதெல்லாம் தொட்டி நிறைய தண்ணீர் என்று நினைத்துக்கொள்வேன், அன்றைக்குத்தான் தெருவில் எல்லாரும் அப்பாவைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். கடைசித் தெருவுக்குத் தண்ணீர் ஏறாது. அந்தத் தெரு அத்தைகள் குடத்தோடு வந்து, உன் சம்பந்தி வீட்டுத் தெருவுக்கு மட்டும் கொட்டுதோ என்று கேட்பார்கள். எங்களுக்கு எந்தத் தெருவிலும் சம்பந்தி கிடையாது. அப்பா பதில் சொல்லாமல் முதல் தெரு வால்வை இரண்டு சுற்று மூடுவார். குழாயில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், தண்ணீர் வந்துவிட்டால் குளிரும். பிறகு தலையை ஆட்டுவார், அவர்கள் போய்விடுவார்கள். பேசாமல் இருப்பது அவரிடமிருந்து வந்ததாகத்தான் இருக்கவேண்டும், ஆனால் அவருக்குத் திறக்க ஒரு வால்வு இருக்கிறது. திங்கட்கிழமை துறைத்தலைவர் அறையில் அவருக்கு என்ன இருக்கும். சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார், நாற்காலியின் நுனியில் உட்காருவார். அவர்கள் ஆங்கிலத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார்கள், உங்கள் பெண் பார்த்து எழுதியிருக்கிறாள். அப்பா என்னைப் பார்ப்பார். கேட்கமாட்டார். அதுதான் எனக்குப் பயம். கேட்டால் இல்லை என்று ஒரு சொல் சொல்லிவிடலாம், கேட்காதவருக்கு எப்படிச் சொல்வது. பஸ்ஸில் திரும்பிப் போகும்போது ஜன்னல் ஓரத்தை எனக்குக் கொடுப்பார். நாலு மணிக்கு வால்வு திறப்பார். பிரணிதாவின் அப்பா எப்படி என்று எனக்குத் தெரியாது. ஒரு முறை ஸ்டேஷனில் பார்த்திருக்கிறேன், அவள் மாதிரியே வேகமாகப் பேசினார், போகும்போது “இவளைக் கொஞ்சம் பாத்துக்கோம்மா” என்றார். நாங்கள் சேர்ந்துதான் படிப்போம், மேடம், அதனால் இரண்டு பேருக்கும் அதே எழுத்துதான் பழக்கம். இப்படி ஒரு வாக்கியத்தை நேற்று முழுவதும் செய்துபார்த்தேன். அது பொய்யென்று யாரும் நிரூபிக்க முடியாது, இரண்டு பேரும் தப்பிக்கலாம். ஆனால் நாக்பூர்ப் பள்ளிக்கூடம் என்று அவள் சொல்லிவிட்டாள். அது இல்லாவிட்டாலும் எனக்கு பத்துச் சொல் வரிசையாக வராது.

சற்குணம் அண்ணன் சொட்டுகிற குழாயை இறுக்க வந்தார். இறுக்கினார், சொட்டுவது நின்றது, போனார், மறுபடியும் சொட்டியது. இரண்டரை. மூன்றாவது கணக்கு செவ்வாய்க்கிழமைக் கணக்கேதான், எண்களை மாற்றியிருந்தார். கிடைமட்டக் குழாய், ஆறு சென்டிமீட்டர் விட்டம், தண்ணீர் ஒரு மீட்டர் வேகத்தில் வருகிறது, இரண்டு சென்டிமீட்டராகக் குறுகுகிறது, அழுத்தம் எவ்வளவு குறையும். விட்டம் மூன்றில் ஒன்று, பரப்பு ஒன்பதில் ஒன்று, வேகம் ஒன்பது மடங்கு. செவ்வாய்க்கிழமை பாதி விட்டத்துக்கு இரண்டு மடங்கு என்று எழுதினேனே, எப்படி எழுதினேன். இரண்டு இஞ்ச் பைப்பில் வரும் தண்ணீருக்கு ஒரு இஞ்ச் பைப் நாலு வேண்டும் என்று நாலாம் வகுப்பிலேயே எனக்குத் தெரியும், அப்பா கடையில் பைப் வாங்கும்போது கூட நின்றிருக்கிறேன். அப்போதுதான் பின்னால் இருமல் கேட்டது. கையை நகர்த்துவதா என்பதில் புத்தி போயிருந்தது, அதனால் நாலு இரண்டாகிவிட்டது. அப்படியென்றால் வியர்வைக்காக மட்டும் நகர்த்தவில்லை. சரி. இப்போது ஒன்பது, இதில் சந்தேகமில்லை. அடுத்த வரியில் அழுத்தமும் அடர்த்தியும் சேர்ந்து வரும், இரண்டு பக்கமும். நேராக மையாலேயே எழுதினேன், p, அதோடு அரை ரோ v வர்க்கம். என் ரோவும் மேடத்தின் ரோ மாதிரியே விழுந்தது. வால் நீளமாகப் போட்டேன், அடுத்த p-க்கும் வால் நீண்டுவிட்டது. சேர்த்துப் பார்த்தபோது எல்லாவற்றிலும் ஒரே எழுத்து இருந்தது, கை பழக்கத்தில் அதைப் பொதுவாக வெளியே எடுத்து அடைப்புக்குறி போட்டுவிட்டேன். இரண்டு பக்கமும் அடித்தேன். மிச்சம் இந்தப் பக்கம் ஒன்றரை, அந்தப் பக்கம் நாற்பத்தொன்றரை. ஒன்றரை சமம் நாற்பத்தொன்றரை. அதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்துவிட்டு மறுபடியும் ஆரம்பித்தேன், p₁ இருந்த இடத்தில் ஆயிரம் என்று போட்டேன், அது தண்ணீரின் அடர்த்தி, அதை அடித்தேன். நடுப்பக்கத்தில் இத்தனை அடித்தல் என் தாளில் ஒருபோதும் இருந்ததில்லை. குறுகலான இடத்தில் அழுத்தம் குறையும் என்பதே முதலில் யாருக்கும் நம்பிக்கை வராது. பஸ் வாசலில் நெருக்கினால் மூச்சு முட்டுகிறதே என்று வகுப்பில் ஒருத்தி கேட்டாள், தண்ணீர் பஸ் ஏறுவதில்லை என்று மேடம் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு நாற்பது. பென்சில் பெட்டிக்குள் இருக்கிறது. ஓரத்தில் ட, ழு என்று போட்டால் இரண்டு நிமிடத்தில் விடை வரும், அழித்துவிடலாம். ஆனால் மேடம் எங்கள் நடுவில் நடந்துகொண்டே இருக்கிறார், அழிப்பதற்குள் பார்ப்பார், பார்த்தால் ழு என்று படிப்பார், சையாவது நாக்பூராவது. நிமிர்ந்து பார்த்தேன். பிரணிதா எழுதிக்கொண்டிருந்தாள். தலை தூக்காமல், நிறுத்தாமல். என்ன எழுதுகிறாள் என்று யோசித்தேன். L-தான் எழுதவேண்டும், சைதான் எழுதவேண்டும், வியாழக்கிழமை அப்படித்தான் தன் வழக்கம் என்று சொல்லிவிட்டாளே, இன்று மாற்றி எழுத முடியாது. அந்த மேஜையில் அவள் என் எழுத்துகளை எழுதிக்கொண்டிருக்கிறாள், இந்த மேஜையில் நான் அவற்றை எழுதாமல் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று மணிக்கு மேடம் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் விரிப்பார். ஒன்றில் செவ்வாய்க்கிழமை இருந்த அதே குறியீடுகள், ஒழுங்காக. இன்னொன்றில் ஒன்றரை சமம் நாற்பத்தொன்றரை. யார் சொந்தமாகப் போடுகிறவள் என்று யாருக்கும் சந்தேகம் வராது. எனக்கே வராது. கை ஈரமாக இருந்தது, தாள் ஒட்டியது. கையைத் தூக்கிவிட்டு மறுபடியும் வைத்தேன்.

“மேடம், தையலுக்கு ஒரு டவுட்.”

பிரணிதா எப்போதும் சொல்லும் குரலில்தான் சொன்னாள், எழுதிக்கொண்டிருந்த பேனாவோடு கையைத் தூக்கி. நான் அவளிடம் எந்த டவுட்டும் சொல்லவில்லை, ஆறு மேஜை தள்ளி இருக்கிறாள், என் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். மேடம் நடப்பதை நிறுத்தினார். “தையலுக்கு வாய் இல்லையா? இன்னிக்கு அவளே கேக்கட்டும்.” எழுந்து நின்றேன். தொண்டையில் அது வந்து நின்றது, அதே இடத்தில், ஆஸ்பத்திரியில் நின்ற இடத்தில். மேடம் காத்திருந்தார். மறுபடியும் குழாயை இறுக்க வந்திருந்த சற்குணம் அண்ணன் ஸ்பேனரோடு நின்றார். பிரணிதா என்னைப் பார்க்கவில்லை, ஜாடியின் அடியில் கிடந்த உருண்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜையைச் சுற்றிக்கொண்டு பலகைக்குப் போனேன். சாக்பீஸ் சிறியதாக இருந்தது. ட = அடர்த்தி என்று எழுதினேன். கீழே ழு = அழுத்தம். அதற்குக் கீழே, இப்படி எழுதலாமா, என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டேன். திரும்பியபோது குரல் வந்தது, நான் நினைத்ததைவிடச் சத்தமாக. “ரெண்டுக்கும் அ வருது, மேடம். அதனால ரெண்டாவது எழுத்து.”

மேடம் பலகையைப் படித்தார். பிறகு தன் மேஜைக்குப் போய், உறையிலிருந்து செவ்வாய்க்கிழமைத் தாள் ஒன்றை எடுத்து, அதையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். தாளைத் தலைகீழாகக்கூட ஒரு முறை திருப்பினார். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. “பிரணிதா,” என்றார். “போர்டுல இருக்கறதைப் படி.”

பிரணிதா படிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தாள். எழுந்து, ஆறு மேஜைகளையும் கடந்து வந்து, என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கினாள். நான் எழுதியதை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டு, என் ட-வுக்குப் பக்கத்தில் ஒரு L போட்டாள். ழு-வுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றாள், எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை போல. கீழே வாலிலிருந்து ஆரம்பித்து மேலே கொண்டுபோனாள். ஒரு சுழி கூடுதலாக விழுந்தது, மேடத்தின் கையிலிருந்த தாளில் இருந்தது போலவே.

“பாத்துதான் மேடம் எழுதினேன்,” என்றாள்.

பிறகு டஸ்டரை எடுத்து, தான் எழுதியதை மட்டும் அழித்தாள்.